குடத்தில் கைவிட்ட பாலகன்

வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை என் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஓலைகளை வேறுபாடறியாத ஒரு பாலகனைக் கொண்டே சபையார் எடுக்கச் செய்தார்களாம்.

"அந்தப் பையனுக்கு வாசிக்கத் தெரியுமா, ஸார்?" என்றான் ஒருவன்.

எனக்குச் சுருக்கென்றது. கேட்ட பாடத்தைப் பிசகாமல் சொல்வான்; ஏட்டைப் பிரித்தாலோ எழுத்துக்கள் அவனுக்குப் புரண்டுவிடும். 'சோம்பேறி' என்று ஓராண்டு வைதவன் நான். அது கற்றல் குறைபாடு என்பதை அப்புறமே அறிந்தேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனையும் ஏற்று, தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், விடையெழுத உதவியாளருக்கும் வழி செய்திருக்கிறது. இப்போது அவனிடம் பாடத்தை வாய்மொழியாகக் கேட்கிறேன். எழுத்தை மணலில் விரலால் எழுதச் செய்கிறேன்.

"தெரியாவிட்டால் என்னப்பா? ஊரே அவன் கையை நம்பியதே!" என்றேன்.

பையன் சிரித்தான். நம்பத் தவறிய நான் தலைகுனிந்தேன்.