சென்னையை விடப் பக்கம்!

மதுரையிலிருந்து ஆகாய மார்க்கமாகப் போனால் எது பக்கம், சென்னையா, கொழும்பா? நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இதென்ன கேள்வி, சென்னைதான்!" என்று சிரிப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேசப் படத்தை விரித்து அடிக்கோலை வைத்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். கொழும்புக்கான கட்டுநாயக்க நிலையமோ சுமார் 350 கிலோமீட்டர்தான்!

மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் 2012-ல் கிளம்பியது. அது போனதும் கொழும்புக்கே. பிரயாணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால், அதற்கு மூன்று மணி நேரம் முன்பே போய், பாஸ்போர்ட்டும் கையுமாக வரிசையில் நிற்க வேண்டும். சாப்பிடுகிற நேரத்தை விடப் பந்திக்குக் காத்திருக்கிற நேரம் அதிகம்!

நான் போனது மார்கழியில். விமானம் எழும்பியதும் கீழே கண்மாய்கள் நிரம்பிப் பளபளத்தன. அப்புறம் கரிசல் காடு, கருவேல மரங்கள், சற்றைக்கெல்லாம் கடல்.

ஜன்னலோரம் ஓர் அம்மாள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

"ராமேசுவரம் தெரியுமா, தம்பி?"

"இடது பக்கம் ரொம்பத் தள்ளி இருக்கிறதம்மா."

"அந்த வழியாத்தான் கப்பல்லே வந்தோம். அப்போ எனக்குப் பத்து வயசு."

1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில் என்று ஜனங்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மலைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று ஏற்பாடு. பிற்பாடு அவர்களைத் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பல்கள் ஏற்றி வந்தன.

"அண்ணன் அந்த நாட்டுப் பிரஜை, நாங்க இந்த நாட்டுப் பிரஜைன்னு காகிதம் வந்திச்சு. ஜெட்டியிலே நின்னு கையை ஆட்டினான். அதுதான் கடைசியாப் பார்த்தது. இப்போ ஹட்டன்லே இருக்கான்."

நான் என்ன சொல்வது? பேசாமல் இருந்தேன்.

விமானம் தாழ்ந்தது. தென்னந்தோப்புகள் தெரிந்தன. அம்மாள் திடுக்கிட்டு, "அதுக்குள்ளேயா?" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணியைத் திருப்பி வைக்கணுமா, தம்பி?" என்று கேட்டார்.

"வேண்டாமம்மா. இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான்."

"ஒரே மணிதானா?" என்று மெள்ளச் சொன்னார். "இவ்வளவு பக்கத்திலேயா இருந்திருக்கான்!"

வெளியே ஒரு கிழவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாள் பெட்டியை என்னிடம் விட்டுவிட்டு ஓடினார். 350 கிலோமீட்டரைக் கடக்க அவருக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.