சவோய் மண்டபத்து முரசு

பாடுவோரின் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கும். பக்கத்தே இருந்து தாளங் கொட்டுவோரின் பெயரை எத்தனை பேர் கேட்டு வைக்கிறோம்? எலா பிற்ஸ்ஜெரால்ட் என்னும் அமெரிக்கப் பாடகியை அறிந்தோர் நம்மிடையேயும் உளர். அவரை இளம் வயதில் தம் குழுவிற் சேர்த்து ஆளாக்கிய சிக் வெப்பை அறிந்தோர் மிகச் சிலரே. வெப் பாடகர் அல்லர். ஜாஸ் இசையில் டிறம் வாசித்தவர். நாமும் எலாவின் பாட்டைத் தேடிப் போன வழியிலேதான் இவரைக் கண்டுகொண்டோம். கண்ட பின்னர், பாட்டை விட்டுத் தாளத்தையே கேட்கலானோம்.

வில்லியம் ஹென்றி வெப் என்பது இயற்பெயர். பல்ற்றிமோர் நகரிலே இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே முள்ளந்தண்டைக் காசநோய் பற்றியது. முதுகு கூனியது, வளர்ச்சி தடைப்பட்டது. பெரியவரான பின்னரும் நாலடியைச் சிறிதே கடந்த உயரந்தான். கோழிக்குஞ்சு என்னும் பொருள்பட 'சிக்' என்று பிறர் இட்ட பெயரே நிலைத்துவிட்டது. விறைத்த என்புகள் இளக ஏதேனும் வாத்தியம் பழகுவது நலம் என்று வைத்தியர் சொன்னாராம். சிறுவன் பத்திரிகை விற்றுச் சேர்த்த காசிலே டிறம் வாங்கினான். ஞாயிறு தோறும் பத்திரிகை வாங்கும் நம்மவர்க்கு இச்செய்தி உவப்பாயிருக்கும்.

ஜாஸ் டிறம் என்பது ஒரு வாத்தியமன்று. ஒருவரே வாசிக்கும் வாத்தியக் கூட்டம். வலக்கால் மிதிக்கப் பெரிய முரசு முழங்கும். இடக்கால் மிதிக்க இரு தாளத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும். கைகளிரண்டும் குச்சிகளால் சிறு பறையிலும் தொங்கும் தட்டுகளிலும் வெவ்வேறு வேலை பார்க்கும். நான்கு உறுப்பும் நான்கு தொழில் செய்து ஒரே காலக் கணக்கில் வந்து சேர வேண்டும். இதற்கு நெடிய காலும் நிமிர்ந்த முதுகும் வேண்டுமென்றே எவரும் நினைப்பர். வெப்புக்கு இரண்டுமில்லை. ஆதலால் மிதிகட்டைகள் அவர் காலுக்கு எட்டுமாறு தனியே செய்யப்பட்டன. தட்டுகள் வளைந்த தண்டுகளிலே கைக்கு அண்மையில் தொங்கின. குழுவின் நடுவே உயர்ந்த மேடையில் அமர்ந்து அனைவரையும் அவரே நடத்தினார்.

இசைக் குறியீடு படிக்க அவர் அறியார். புதிய உருப்படி வந்தால் முழுவதையும் கேட்டு நெஞ்சிற் பதித்துக்கொள்வார். ஒத்திகையில் எவரேனும் பிழைத்தால், அவர் வாசிக்க வேண்டிய பகுதியை வாயாற் பாடிக் காட்டுவார். சான்றிதழ் பார்த்தே ஆளை அளக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு இவ்விடத்திற் சற்று நின்று போக வேண்டியிருந்தது.

நியூயோர்க்கின் ஹாலெம் பகுதியிலே 1926 இல் திறக்கப்பட்டது சவோய் நடன மண்டபம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடக்கூடிய இடங்கள் அந்நாட்டில் அரிதாயிருந்த காலம். சவோய் அவ்வரியவற்றுள் ஒன்று. 1930களில் வெப்பின் குழு அங்கே நிலைகொண்டது. பிற குழுக்களை அழைத்து மாறி மாறி வாசிக்க விடுவது அங்கே வழக்கம். தீர்ப்பு ஆடுவோரின் கால்களில். 1937 மே 11 ஆம் நாள் பென்னி குட்மனின் குழு வந்தது. நாடறிந்த புகழ் அவர்களுக்கு. எட்கர் சாம்ப்சன் அமைத்து வெப்பின் குழு வாசித்த 'ஸ்ரொம்பின் அற் த சவோய்' கூட, குட்மன் வாசித்த பின்னரே அதிகம் விலைபோயிற்று. அவருடைய டிறம் கலைஞர் ஜீன் குறூப்பாவோ சினிமா நட்சத்திரம் போன்ற அழகர். உள்ளே சுமார் 4,000 பேர். புக இடமின்றித் தெருவில் நின்றோர் அதனினும் மிகுதி. வெற்றி வெப்புக்கே. குறூப்பா அவருக்குத் தலை வணங்கினார் என்பர். தம்மை வென்றவரினும் சிறந்தவர் எவருமில்லை என்று பிற்காலத்திலும் மறைக்காது சொல்லி வந்தார்.

இசைத்தட்டுகளில் நமக்குக் கிடைப்பது அவ்வலிமையில் ஒரு பங்கே. பெரிய முரசின் முழக்கத்தை உள்ளபடி பிடிக்க அக்காலப் பதிவுக் கருவிகளால் இயலவில்லை. எனினும், 1937 இல் பதிவான 'ஹாலெம் கொங்கோ'வில் அவர் தனித்து வாசிக்கும் சில விநாடிகளை மாணவர் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். "சேர், இவருக்கு எத்தனை கை?" என்றான் ஒருவன். புகைப்படத்தை எடுத்துக் காட்டினோம். பிறகு எவரும் பேசவில்லை.

எலாவின் கதைக்கு வருவோம். 1934 இல் அப்பொலோ அரங்கின் போட்டியில் வென்றபோது அவர் வீடற்ற பதினேழு வயதுப் பெண். அவருடைய கோலத்தைக் கண்டு வெப் முதலிலே தயங்கினார். தம் உடலைப் பிறர் உற்றுப் பார்ப்பதை வாழ்நாளெல்லாம் பொறுத்தவருக்கே இத்தயக்கம் வந்ததை எண்ணி வியந்தோம். எனினும், குரலைக் கேட்ட பின் 1935 இல் சேர்த்துக்கொண்டார். 1938 இல், குழந்தைப் பாட்டொன்றைத் தழுவி எலா பாடிய 'எ ரிஸ்கற், எ ராஸ்கற்' நாடெங்கும் பரவியது.

புகழும் நோயும் ஒருங்கே முற்றின. வாசித்து முடித்து இறங்கியதும் மயங்கி வீழ்வாராம். தாம் நின்றால் குழுவினர்க்குப் பிழைப்பில்லை என்பதனால் ஊர் ஊராய்ப் போவதை நிறுத்தவில்லை என்பர். 1939 ஜூன் 16 இல், பல்ற்றிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இறந்தார். தம்மைத் தூக்கி இருத்தச் சொல்லி, மன்னிக்க வேண்டும், போக வேண்டியிருக்கிறது என்று சூழ நின்றோரிடம் விடைபெற்றார் என்று சொல்லப்படுகிறது.

குழு எலாவின் தலைமையில் 1942 வரை நடந்தது. சவோய் மண்டபம் 1958 இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. அந்நிலத்திலே குடியிருப்பு மாடிகள் எழுந்தன.