ஒன்பதாம் வகுப்பில் ஒரு தேர்தல்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு பாடசாலையின் மாணவர் பாராளுமன்ற அமர்வுக்கு என்னை விருந்தினராக அழைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் குப்பை கொட்டியவருக்கு இத்தகைய அழைப்புகள் அவ்வப்போது வந்துசேரும். சபாநாயகருக்குக் கறுப்பு மேலங்கி, உறுப்பினர்களுக்குப் பெயர்ப்பலகை, இடையிடையே மேசையில் தட்டும் ஆரவாரம் என்று எல்லாம் அச்சொட்டாக இருந்தன. ஒரு சிறுமி எழுந்து, மாணவியர் மலசலகூடத்தில் ஏன் தண்ணீர் வருவதில்லை என்று கேட்டாள். சுகாதார அமைச்சராக இருந்த பையன், "கௌரவ உறுப்பினரின் கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்றான். சபை கைதட்டியது. பதினான்கு வயதிலேயே இந்த வசனத்தை இவ்வளவு சரளமாகச் சொல்லப் பழகிவிட்டானே என்று எண்ணிக்கொண்டேன். அதிபர் பெருமிதத்தோடு என் பக்கம் திரும்பி, "பிள்ளைகள் ஜனநாயகம் படிக்கிறார்கள்" என்றார்.

நானும் அந்த வயதில்தான் ஜனநாயகம் படித்தேன். படிப்பித்த முறைதான் வேறு.

1984 ஆம் ஆண்டு. கிளிநொச்சிப் பகுதியில் ஒரு கிராமப் பாடசாலை, ஒன்பதாம் வகுப்பு. எங்கள் சமூகக் கல்வி ஆசிரியர் அதிகம் பேசாதவர். வகுப்புத் தலைவரை அதுவரை ஆசிரியர்களே நியமிப்பது வழக்கம். அந்த வருடம் தேர்தல் நடத்தப்போவதாக அவர் அறிவித்தார். 1977 இன் பின்னர் நாட்டில் பொதுத்தேர்தல் நடைபெற்றிருக்கவில்லை. 1982 டிசம்பரில் விளக்குக்கும் குடத்துக்குமிடையே ஒரு சர்வசன வாக்கெடுப்பை நடத்தி, பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்திருந்தார்கள். "நாட்டில் இல்லாட்டிலும் வகுப்பில நடக்கட்டும்" என்று ஆசிரியர் சொன்னபோது அதிலிருந்த குத்தல் எங்களுக்கு விளங்கவில்லை. போட்டியிட்ட இருவரில் ஒருவன் நான்.

பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழுந்தான். 1977 ஓகஸ்ட் வன்செயலின் பின்னர் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்துசேர்ந்த குடும்பம் அவனுடையது. "சார், எனக்கும் ஓட்டு இருக்குங்களா?" என்று கேட்டான். அவன் பேச்சிலிருந்த 'ங்க' எங்களுக்கு எப்போதும் வேடிக்கை. வகுப்புச் சிரித்தது. வேட்பாளன் என்ற மிதப்பில் நான் உரத்துச் சொன்னேன்: "தோட்டக்காட்டானுக்கு என்னத்துக்கு வோட்டு?"

சிரிப்பு இரட்டிப்பாயிற்று. ஆசிரியர் பிரம்பை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன், அவர் எடுக்கவில்லை. சற்றுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரும்பலகையைத் துடைத்து, தேர்தல் ஒரு கிழமை பின்போடப்படுகிறது என்று எழுதினார். முதலில் வாக்காளர் இடாப்புத் தயாரிக்க வேண்டும். தன் தந்தை இந்த நாட்டில் பிறந்தவர் என்பதற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்பதற்கு எழுத்துமூல அத்தாட்சி கொண்டுவருபவர் பெயர் மட்டுமே இடாப்பில் ஏறும் என்றார். வாய்ச்சொல் செல்லாது.

வீட்டில் தகப்பனாரிடம் கேட்டேன். எங்களுடையது காணி கிடைக்குமென்று தீவுப்பகுதியிலிருந்து ஐம்பதுகளில் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஊரில் பெரியம்மா வீட்டில் இருக்கலாம், கறையான் அரித்தும் இருக்கலாம் என்றார். பிறகு சினந்தார். "எங்களிட்டை உறுதி கேக்க அவர் ஆர்?" கிழமை முடிவில், முப்பத்தெட்டுப் பேர் கொண்ட வகுப்பில் எட்டுப் பேரே கடதாசியோடு வந்தார்கள். அவர்களை ஆசிரியர் முன்வாங்குகளில் இருத்தினார். வேட்பாளனான எனக்கு வாக்கில்லை. முதல்நாள்வரை என் பென்சிலை இரவல் வாங்கியவன் முன்வாங்கிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்கு உறைக்கிறது.

அன்றுதான் ஆசிரியர் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் படிப்பித்தார். அவர் எங்களிடம் கேட்ட அத்தாட்சி அந்தச் சட்டம் கேட்ட அத்தாட்சிதான். தோட்டத்து லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் பாட்டனின் பிறப்பை நிறுவ எங்கே போவது? 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1947 தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 1952 இல் ஓர் ஆசனமும் இல்லை. வாக்களித்த மக்களின் வாக்குரிமையே பறிபோயிருந்தது. இந்த விவகாரத்தில்தான் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது என்றும் சொன்னார். எங்கள் பாடப்புத்தகத்தில் இவ்வளவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பல வருடங்கள் கழித்து, பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னர், ஓர் அமெரிக்க விவரணப் படத்தைப் பார்க்கக் கிடைத்தது. 'பிளவுபட்ட வகுப்பு' என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட அது 1985 இல் ஒளிபரப்பானது. மார்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். மறுநாள், ஐயோவா மாநிலத்தில் வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த ரைஸ்வில் என்ற சிற்றூரில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட் தமது மாணவரைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்தார். ஒருநாள் ஒரு நிறத்தார் உயர்ந்தோர், மறுநாள் தலைகீழ். உயர்ந்தோருக்கு இடைவேளை ஐந்து நிமிடம் கூட. அவர் இதனைப் பின்வந்த ஆண்டுகளிலும் நடத்தினார். 1970 இல் படமாக்கப்பட்ட வகுப்பில், தாழ்த்தப்பட்ட நாளன்று ஐந்தரை நிமிடம் பிடித்த வாசிப்பு அட்டைப் பயிற்சியை அதே பிள்ளைகள் மறுநாள் இரண்டரை நிமிடத்தில் முடித்தார்கள். அதைப் பார்த்தபோது எங்கள் முன்வாங்குக்காரனின் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. கிளிநொச்சியில் ஒரு வாத்தியாருக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா என்று கேட்டுக்கொண்டேன். தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்குத் தெரிந்தது சட்டம், அதோடு எங்கள் வாய்.

எலியட்டின் முறைக்குக் கண்டனங்களும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைகளைப் பெற்றோருக்குச் சொல்லாமல் இப்படி வருத்தலாமா என்று கேட்டார்கள். ஊரில் பலர் அவரோடும் அவர் குடும்பத்தோடும் பகைத்துக்கொண்டார்கள். கருணையைப் படிப்பிக்கக் கொடுமையைக் கருவியாக்கலாமா என்ற கேள்வியை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். அதற்குக் காரணம் எங்கள் வகுப்பில் அடுத்து நிகழ்ந்தது.

இடாப்பு மூடப்பட்டதற்கு மறுநாள் அந்தப் பையனின் தகப்பனார் பாடசாலைக்கு வந்தார். கூலிவேலையை விட்டுவிட்டு, தோய்த்த வெள்ளைச் சேட்டு அணிந்து, ஒரு பழைய பிஸ்கட் ரின்னைத் துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வகுப்பு வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "பையன் பதிவுன்னு சொன்னான் சார். ஒரு நாள் பிந்திப்போச்சுங்க, மன்னிக்கணும்" என்றார். ரின்னைத் திறந்து ஆசிரியரின் மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். தமது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். தம் தந்தைக்குத் தோட்டத்துரை கொடுத்த கடிதம். 1951 இல் அந்தத் தந்தை போட்ட விண்ணப்பத்தின் பிரதி. விசாரணைக்கு அழைத்த கடிதம். நிராகரித்த கடிதம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுத் தாமே விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டு. அதற்கு அதுவரை பதில் வரவில்லை. எங்கள் வகுப்பில் எவர் வீட்டிலும் இவ்வளவு கடதாசி இருந்திருக்காது.

ஆசிரியர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவர் முகம் வெளுத்ததை நான் கண்டேன். இது பிள்ளைகளுக்கான ஒரு பயிற்சி, உண்மையான பதிவு அல்ல என்று தாழ்ந்த குரலில் விளக்கினார். தம் கதிரையை அவர் பக்கம் நகர்த்தி, இருக்கச் சொன்னார். அவர் இருக்கவில்லை. விளக்கம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. "அப்ப இது வேற எங்கயும் போகாதுங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். பயத்தில் கேட்டாரா, எங்காவது போய்ச் சேராதா என்ற ஆசையில் கேட்டாரா என்பது எனக்கு இன்றளவும் பிடிபடவில்லை.

எனக்குக் கிடைத்த பாடத்துக்கு அந்த மனிதர் ஒருநாட் கூலியைக் கொடுத்திருந்தார். பாடம் தேவைப்படாத ஒரே வீட்டுக்காரர் அவர்தான்.

அன்று பிற்பகலே ஆசிரியர் இடாப்பைக் கிழித்துவிட்டு எல்லோருக்கும் வாக்குச்சீட்டுக் கொடுத்தார். நான் வென்றேன். எத்தனை வாக்கு வித்தியாசம் என்பது மறந்துவிட்டது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி. அடுத்த வருடம் அந்தக் குடும்பம் வேறெங்கோ போய்விட்டது.

1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கிய 35 ஆம் இலக்கச் சட்டம் 2003 இல் வந்தது. அப்போது நான் கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். செய்தியை எழுதி முடித்ததும், எழுதியதற்குள் அந்தப் பையனின் பெயரைத் தேடுபவன்போல் இன்னொருமுறை வாசித்தேன்.

மேசையில் பரப்பிய கடதாசிகளை அன்று அவனே திரும்ப எடுத்து வைத்தான். நிராகரிப்புக் கடிதம் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்திருந்தது. என் வாங்கடிக்கு வந்து, ஒன்றும் பேசாமல் கையை நீட்டினான். கொடுத்தேன். பழைய மடிப்புகளின் வழியே பார்த்துப் பார்த்து மடித்து, ரின்னுக்குள் அது முன்பிருந்த இடத்திலேயே வைத்தான்.