எப்பங்க புகையுது?

சிலிண்டரைக் கடைந்து, அதாவது போர் போட்டு வந்த இன்ஜினை முதல் 500 கிலோமீட்டருக்குப் பதமாக ஓட்ட வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டாதே, முறுக்காதே, பின்னால் ஆளை ஏற்றாதே. இதில் பாதிதான் எனக்கு உடன்பாடு.

என்னிடம் இருப்பது பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட் 350. சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. 1950களில் திருவொற்றியூரில் தயாரிக்கத் தொடங்கிய வண்டிக்கு இந்த அளவுகள் அரை நூற்றாண்டு தாண்டியும் மாறவில்லை. இரும்புச் சிலிண்டருக்குள் ஓடுவது அலுமினிய பிஸ்டன். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். புதிதாக போர் போட்ட நிலையில் இடைவெளி இறுக்கமாக இருக்கும். விடாமல் முறுக்கினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பதமாக ஓட்டு என்பது இங்கிருந்து வந்த பேச்சு. சரியான பேச்சுதான். ஆனால் அது பிஸ்டனை மட்டும் நினைத்துச் சொன்னது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கு வேண்டியது வேறு.

போர் போட்டபின் கல்லால் தேய்த்து ஹோனிங் செய்த சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் மறுக்குமாகக் கீறல்கள் ஓடும். கொத்திய அம்மியின் சொரசொரப்புக்கு என்ன வேலையோ அதுதான் அவற்றுக்கும். ரிங் அந்த மேடுகளை அராவி, தானும் கொஞ்சம் தேய்ந்து, சுவரோடு பொருந்த வேண்டும். ரிங்கைச் சுவரில் அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. பெரிய அழுத்தம் அதுதான். ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. மேடுகள் தேய்வதற்குள் எண்ணெய் அவற்றின் மேல் கருகி வழவழவென்று படிந்துவிடும். கிளேஸ் ஆகிவிட்டது என்பார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு ஓட்டியும் பயனில்லை, கழற்றி மறுபடி ஹோனிங் போட வேண்டியதுதான். புது ரிங் போட்ட வண்டியை வீட்டு வாசலில் ஐட்லிங்கில் மணிக்கணக்காக ஓடவிட்டு, ‘செட் ஆகட்டும்’ என்று காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும்.

ஆகவே நான் சேலத்திலிருந்து அரூர் போகும் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். மஞ்சவாடிக் கணவாயில் அளவான ஏற்றமும் இறக்கமும் உண்டு. முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வரை பாதி ஆக்சிலேட்டரில் இழுப்பது, உடனே மூடிவிடுவது. இழுக்கையில் ரிங் சுவரில் அழுந்துகிறது. மூடுகையில் சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி எண்ணெயைச் சற்று மேலே இழுக்கிறது. தேய்ந்த துகள் கழுவப்படுகிறது, பிஸ்டனும் ஆறுகிறது. நான்கு வழிச்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டினால் இது எதுவும் நடக்காது. எண்ணெயைப் பொறுத்தவரை சாதாரண மினரல்தான். சிந்தெடிக் ஊற்றினால் தேய வேண்டியது தேயாது என்பது பழைய மெக்கானிக்குகளின் தீர்ப்பு. இரும்புச் சிலிண்டர் விஷயத்தில் நானும் அவர்கள் கட்சி. 500 கிலோமீட்டரில் வடித்த எண்ணெயை வெயிலில் பார்த்தபோது பொடிப்பொடியாக மினுமினுத்தது. எனக்கு அது சந்தோஷம். ரிங் தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஆனால் அதற்குப் பிறகும் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. சைலன்சர் வாயில் அவ்வப்போது நீலம் பாய்ந்த புகை. பார்த்தவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: “ரிங் பதியல, இன்ஜினை இறக்கிடுங்க.”

சேலம் குகைப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்தான், “எப்பங்க புகையுது?” என்று கேட்டார்.

முறுக்கி இழுக்கும்போதெல்லாம் புகைந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியபடி வந்து, மறுபடி திறக்கும்போது குப்பென்று வந்தால் வால்வு கைடு, அதாவது வால்வு தண்டு ஏறி இறங்கும் குழல். மூடியிருந்த நேரத்து உறிஞ்சல், தேய்ந்த கைடு வழியே எண்ணெயை உள்ளே இழுத்திருக்கும். கறுப்புப் புகையானால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளக்கும் ஈரப் பிசுபிசுப்பு இல்லாமல் உலர்ந்த கரியாக இருக்கும். காலையில் முதல் கிக்கில் மட்டும் புகைந்து நின்றுவிட்டால், புல்லட்டுக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. நாள்கணக்கில் நின்ற வண்டியில் எண்ணெய் அதன் அறையிலிருந்து கசிந்து கிராங்க் பக்கம் தேங்கிவிடும். அந்த நேரத்தில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் எண்ணெய் குறைவாகக் காட்டும். உடனே மேலும் ஊற்றுவார்கள், அதிகமானது புகையாக வெளியேறும், இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது என்று பெயராகிவிடும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு அளந்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

இதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஏற்காடு மலைப்பாதை இருந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகள். நண்பர் தன் வண்டியில் பின்னால் வந்தபடி கவனித்தார். ஏறும்போது இரண்டாம் கியரில் முழு இழுவையிலும் புகை இல்லை. இறங்கும்போது கியரிலேயே இறக்கி, அடிவாரத்தில் ஆக்சிலேட்டரைத் திறந்ததும் பின்னால் வந்தவர் முகத்தை மூடிக்கொள்ளும் அளவுக்கு நீலப் புகை.

பெரியவர் அதோடு விடவில்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்தார். பிறகு பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். ரிங் ஓரமாகக் காற்று கசிந்தால் அந்த எண்ணெய் இடுக்கை அடைத்து அளவை நன்றாக உயர்த்திக் காட்டும். முள் கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நின்றது. “ரிங்கு நல்லாப் பதிஞ்சிருக்குதுங்க தம்பி, அதைத் தொடாதீங்க” என்றார்.

ஹெட்டை மட்டும் கழற்றினோம். சிலிண்டர் அசையாதபடி பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு பையனை நிறுத்தினார். இன்லெட் வால்வைக் கைடில் விட்டு ஆட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் ஆடியது. போர் போட்ட லேத்திலேயே கைடும் மாற்றியிருந்தார்கள். ரீமர் ஓட்டும்போது துளை பெரிதாகியிருக்கிறது. புதுக் கைடு போட்டு, வால்வு தண்டை மைக்ரோமீட்டரில் அளந்து, கையால் ரீமர் பிடித்தார். வால்வு சீட்டை அரைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே மூடினார்.

சிலிண்டரை ஏற்றி இறக்கியிருந்தால் பொருந்திய ரிங் இடம் மாறியிருக்கும், ஹோனிங்கும் மஞ்சவாடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும். பல பட்டறைகளில் அதுதான் நடக்கிறது. நன்றாக இருந்த ரிங்கை வீசிவிட்டு, ஆடுகிற கைடோடு ஹெட்டை அப்படியே மாட்டி அனுப்புகிறார்கள். பணம் கொடுத்தவர் அடுத்த இறக்கத்தில் அதே புகையைப் பார்த்து, வண்டியே ராசியில்லை என்று விற்றுவிடுகிறார்.