சரித்திரப் பாடத்தின் பயன் யாது?

கல்வி என்பது பரீட்சைக்கன்று, வாழ்க்கைக்கே என்று மேடையேறிப் பேசாதார் நம்மிடையே இலர். ஆனால் பிள்ளை இடைநிலைப் பள்ளியினின்று வீடு திரும்பியதும் நாம் முதற்கண் கேட்பது, "எத்தனை புள்ளி?" என்பதே. அதிலும் சரித்திரப் பாடம் என்றால் கவலை இரட்டிப்பாகிறது. 2013ஆம் ஆண்டு முதல், எஸ்.பி.எம். பரீட்சையில் மலாய் மொழியோடு சரித்திரத்திலும் தேர்ச்சி பெற்றாலன்றிச் சான்றிதழ் இல்லை என்று விதி செய்யப்பட்டது. சான்றிதழ் இன்றேல் மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் கதவு அடைபடும் என்பதை அறிந்த தோட்டத்துத் தாய் தந்தையர், "உருப்போட்டாவது தப்பித்துக்கொள்" என்று சொல்வதில் வியப்பில்லை. அவர்களை நாம் குறை கூறோம். ஆயினும், தப்பித்துக்கொள்வதற்காகவே ஒரு பாடத்தைக் கற்பது, பாலை மண்ணில் வழியவிட்டு மங்கை மட்டும் எண்ணிக்கொண்டு வீடு திரும்புவதையே ஒக்கும்.

இப்பாடத்தை வகுத்தோர் கருதிய பயன் யாது என்று நம்மவருள் வினவியோர் மிகச் சிலரே. நாட்டுப்பற்றும் நற்குடிமையும் வளரவேண்டும் என்பது ஒரு நோக்கம். அதனுடன் ஐந்து திறன்கள் மாணாக்கரிடம் உண்டாகவேண்டும் என்றும் பாடத்திட்டம் கூறுகிறது. காலவரிசையை அறிதல், சான்றுகளைத் தேடி ஆராய்தல், அவற்றுக்குப் பொருள் காணுதல், கற்பனை செய்தல், காரணங்காட்டி முடிவுக்கு வருதல் என்பனவே அவை. கற்பனை என்றவுடன் கட்டுக்கதை என்று கொள்ளற்க. சான்று காட்டும் எல்லைக்குள் நின்று, அக்காலத்தவர் நிலையில் நம்மை வைத்துப் பார்த்தலே அது. இவ்வைந்தும் கைவரப்பெற்ற பிள்ளையை எவரும் எளிதில் ஏய்த்துவிட முடியாது. நோக்கம் நன்றே. ஆனால் நடப்பது என்ன? ஆண்டுகளையும் பெயர்களையும் நெட்டுருச் செய்து, பரீட்சைத் தாளில் கொட்டிவிட்டு, மறுவாரமே மறந்துவிடுகின்றனர் நம் பிள்ளைகள்.

ஜாசின் வட்டாரத்தில் நாம் சிலர் கூடித் தோட்டத்துப் பிள்ளைகட்கு மாலை வகுப்பு நடத்தி வருகிறோம். இரண்டாம் படிவத்தில் மலாக்கா சுல்தானரசு பாடமாக வரும். ஒருநாள் அப்பாடம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இதிலே நாம் எங்கே இருக்கிறோம்?" என்று கேட்டாள். உடனிருந்த பெரியவர் ஒருவர், "நாமெல்லாம் கடாரம் வென்ற பரம்பரையம்மா" என்றார். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது மெய்யே. ஆனால் அவள் கேட்டதற்கு அது விடையன்று. பிறர் ஊரைச் சூறையாடிய மன்னன் ஒருவனின் புகழைக் கொண்டு, பால்மரம் சீவியவரின் பேத்தி தன் சரித்திரத்தை எங்ஙனம் அறிவாள்? வீண்பெருமை மனப்பாடத்தினும் கெட்டது. மனப்பாடம் மறந்துபோகும், வீண்பெருமையோ மறவாது.

ஆகவே, அப்பிள்ளைகளைச் சான்றுகளின்பால் அழைத்துச் சென்றோம். 1512க்கும் 1515க்கும் இடையே எழுதிய தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கேயர், மலாக்காத் துறையில் ஷாபந்தர் என்னும் துறைத்தலைவர் நால்வர் இருந்தனர் என்றும், அவருள் ஒருவர் நம் கீழ்க்கரை வணிகர்க்கும் வங்காளியர், பெகு நாட்டார் முதலியோர்க்கும் உரியவர் என்றும் குறித்துள்ளார். 1510இல் சுல்தான் மகமூதின் ஆணையால் கொலையுண்ட பெண்டஹாரா துன் முத்தாகிர், தென்னிந்திய முஸ்லிம் வழிவந்தவர். அவர்மீது கோள் மூட்டத் தங்கம் கொடுத்தவனோ ராஜா முதலியார் என்னும் துறைத்தலைவன் என்று 'செஜாரா மெலாயு' கூறுகிறது. 1511இல் நகரைப் பிடித்த போர்த்துக்கேயர்க்குத் துணைநின்ற நைனா சாத்து என்னும் வணிகர், அவராட்சியில் பெண்டஹாரா பதவி பெற்றார். அப்பதவி கைவிட்டுப் போனதும் 1514இல் தீப்புகுந்து மாண்டார் என்பர் போர்த்துக்கேய ஆசிரியர்.

கொலையுண்டவர் நம் நாட்டு வழியினர். கோள் மூட்டியவனும் நம்மவன். அந்நியரோடு சேர்ந்தவரும் நம்மவரே. இவருள் எவரைக் கொண்டு மார்தட்டுவது? எவருக்காகத் தலைகுனிவது? பிள்ளைகள் சிறிதுநேரம் வாளாவிருந்தனர். பின்னர் அம்மாணவியே, "அவர்களும் எல்லாரையும் போல மனிதர்கள்தாம் ஐயா" என்றாள். பாடத்திட்டம் வேண்டும் "பொருள் காணுதல்" என்பது இதுவன்றி வேறென்ன?

மலாக்கா இன்னும் ஒரு பாடம் சொல்லும். 1796இல் இந்நகரிற் பிறந்த முன்ஷி அப்துல்லா, மலாய் உரைநடைக்குப் புதுவழி கண்டவர். கணக்கு வழக்குக்குப் பயன்படும் என்று, வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்நாளில் மலாக்கா வழக்கம் என்றும், தாமும் அவ்வாறே கற்றதாகவும் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். மறுபுறம், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலைப் பேணிவரும் மலாக்காச் செட்டிகள், தமிழ் வணிகர் வழிவந்தும் வீட்டில் மலாய் பேசுகின்றனர். மலாய் எழுத்தாளர் தமிழ் கற்றார். தமிழர் வழியினர் மலாய் பேசினர். மக்களை வேலி கட்டிப் பிரிப்போர்க்கு இவ்விரு செய்திகளே போதிய மறுமொழி.

இனி அரண்மனையையும் துறைமுகத்தையும் விட்டு லயத்துக்கு வருவோம். 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது நூல்களில் உள்ளது. அவ்வாறு எழுந்த தோட்டங்களில் மரம் சீவிய கைகளின் பெயர்கள் எங்கே உள்ளன? கங்காணிமார் ஊர் ஊராய்ச் சென்று ஆள் சேர்த்ததும், 1938இல் இந்திய அரசாங்கம் அதைத் தடுத்ததும், 1942க்கும் 1943க்கும் இடையே ஜப்பானியர் தோட்டத்து ஆடவரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனதும், 1967இல் புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர் கோலாலம்பூர் நோக்கிக் கால்நடையாகச் சென்றதும் நம் குடும்பங்களின் கதைகளல்லவா?

அன்று நாம் பிள்ளைகட்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் மூத்தவரிடம் கேட்டு, சொன்னவர் யார், அவர் அதை எங்ஙனம் அறிவார், கேட்ட நாள் எது என்னும் மூன்றையும் தவறாது எழுதி வருக என்றோம். அம்மாணவி தன் பாட்டனாரின் தாயிடம் கேட்டு எழுதினாள். கைக்குழந்தையாய்த் தாம் இருந்தபோது தம் தந்தை சயாமுக்குப் போய்த் திரும்பாததைத் தம் தாய் வாயிலாக அறிந்ததாக அம்மூதாட்டி கூறியிருந்தார். தந்தையின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை, புகைப்படமும் இல்லை. "வாய்ச்சொல் சான்றாகுமா ஐயா?" என்றாள் மாணவி. "ஆகும், ஆனால் கேட்டறிந்த சொல் என்று குறித்து வைத்தால்தான் ஆகும்" என்றோம். அடுத்த தைப்பொங்கலுக்குள் அம்மூதாட்டி மறைந்தார். அவர் தந்தையின் பெயர் இன்று இருக்குமிடம் அவ்வொரு தாள்தான்.

தோட்டத்துச் சரித்திரம் என்றால் நாம் பட்ட துன்பம் மட்டும் என்று கருதிவிடலாகாது. பேரேட்டில் கடனை ஏற்றிய கங்காணியும் நம்மவனே. சாதி பார்த்து லயம் பிரித்தவரும், கோயில் வாசலில் சிலரைத் தள்ளி நிறுத்தியவரும் நம்மவரே. கூலியைக் கள்ளுக்கடையில் இழந்ததும் நாமே. பிள்ளைகள் இவற்றையும் கேட்கட்டும். தன் வீட்டுக் குறையை மறைத்துப் பிறர் குறையை மட்டும் எழுதுவது சரித்திரமன்று, வழக்காடுவோன் வாக்குமூலம்.

அன்பர்களே! தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும், செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்களும் எழுகின்றன. லயங்கள் இடிபடும்போது தகரப் பெட்டிகளும் குப்பைக்குப் போகின்றன. அவற்றினுள் பழைய கப்பற் சீட்டும், சம்பளச் சீட்டும், சிவப்பு அடையாள அட்டையும் கிடக்கலாம். எறியுமுன் ஒருமுறை பிள்ளையிடம் காட்டுங்கள். வீட்டு முதியோரிடம் ஒரு மாலையேனும் அவனை அமரச் செய்யுங்கள். அதனால் தேர்வுப் புள்ளி குறையாது. கேட்டறிந்தது நெஞ்சில் நிற்குமாதலின் கூடவும் செய்யலாம்.

"இது உமக்கு எப்படித் தெரியும்? சான்று என்ன?" என்று அஞ்சாமல், மரியாதையோடு கேட்கப் பழகிய பிள்ளை, சம்பளச் சீட்டையும் அப்படியே படிப்பான், தேர்தல் மேடையையும் அப்படியே கேட்பான், நாம் சொல்லும் பழங்கதையையும் அப்படியே நிறுத்துப் பார்ப்பான். அக்கேள்வி நம்மை நோக்கி வரும்போது சினவாது விடை சொல்ல நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.