அடி காதுக்கு வரும் நேரம்

ஸ்டூடியோவுக்கு வேலை கற்க வரும் பிள்ளைகள் புது இன்டர்ஃபேஸைப் பார்த்ததும் கேட்பது, "எத்தனை ஜிபிபிஎஸ் சார்?" என்றுதான். 2011இல் மேக்புக் ப்ரோவில் தண்டர்போல்ட் வந்தபோது விற்பனைக்காரரும் அதைத்தான் அடித்துச் சொன்னார். சேனலுக்கு வினாடிக்கு 10 கிகாபிட். நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த ஃபயர்வயர் 800ஐவிடப் பன்னிரண்டு மடங்கு. எங்கள் சார் ஒரு க்யூ ஷீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக்குக்கு 1.15 மெகாபிட். ஒரே நேரத்தில் 32 டிராக் எடுத்தாலும் 37 மெகாபிட் தாண்டவில்லை. "யூஎஸ்பி 2லயே 480 இருக்கேப்பா. இதுல என்ன வேகம் நமக்கு? வாசிக்கிறவருக்கு அவர் அடி எப்போ கேக்கும், அதைச் சொல்லு" என்றார். விற்றவரிடம் அதற்குப் பதில் இல்லை.

சார் டேப் காலத்து ஆள். மல்டிடிராக் டேப்பில் ஏற்கெனவே பதிந்ததைக் கேட்டுக்கொண்டே இன்னொருவர் வாசிக்க வேண்டுமென்றால், பிளே ஹெட்டிலிருந்து அனுப்பக் கூடாது. வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் இரண்டு ஹெட்டுக்கும் நடுவே 2 அங்குலம் இருந்தாலே 130 மில்லிசெகண்ட் தள்ளிப்போகும். அதனால் ரெக்கார்ட் ஹெட்டையே கேட்கவும் பயன்படுத்துவார்கள், சிங்க் என்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு மற்றவர்கள் இந்தத் தாமதத்தை, அதாவது லேட்டன்ஸியை, புது நோயாகப் பார்த்தார்கள். சாருக்கு அது பழகிய விருந்தாளி.

லேட்டன்ஸியைக் கணக்கிடும் வழி இதுதான். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 128 சாம்பிள் என்றால் உள்ளே வர 2.7 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு 2.7. கன்வெர்ட்டரும் டிரைவரும் தங்கள் பங்கைச் சேர்க்கும். பத்து மில்லிசெகண்டை நெருங்கிவிட்டால், தன் மிருதங்கத்தையே மூன்று மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து கேட்பதற்குச் சமம். எந்த வித்துவானும் "லேட்டன்ஸி இருக்கு" என்று சொல்ல மாட்டார். "கை கனக்குது தம்பி, மைக்கை மாத்திப் பாருங்க" என்பார். பாடகி, "குழாய்க்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்பார். மண்டை எலும்பு வழியாக உடனே கேட்கும் தன் குரலும், ஹெட்போனில் பின்னால் வரும் குரலும் மோதுவதால் வருவது அது. மைக்கில் கை வைக்காதீர்கள்; பஃபரைப் பாருங்கள். வயலின் செக்‌ஷனிலிருந்து இந்தப் புகார் குறைவாகத்தான் வரும். தாளக்காரர்தான் முதலில் சொல்வார்.

தண்டர்போல்ட்டில் நமக்கான லாபம் இங்கேதான். இன்டர்ஃபேஸ் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே நேராக மெமரியோடு பேசுகிறது. டிரைவரை ஒழுங்காக எழுதியிருந்தால் பஃபரை 64க்கோ 32க்கோ இறக்கினாலும் தாங்கும். பழைய பெட்டியில் 64 வைத்து நாலு ரிவெர்ப் போட்டாலே பட்பட்டென்று வெடிக்கும். ஆனால் டப்பாமேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு அவுட்புட்டிலிருந்து ஒரு இன்புட்டுக்குக் கேபிள் போட்டு, ஒரு க்ளிக்கை ஓடவிட்டு, திரும்பி வந்ததைப் பதிவு செய்யுங்கள். இரண்டு அலைகளையும் பெரிதாக்கி, இடையே எத்தனை சாம்பிள் என்று எண்ணி 48ஆல் வகுத்தால் மில்லிசெகண்ட் கிடைத்துவிடும். எந்தப் பெட்டி வந்தாலும் சார் இதைச் செய்யாமல் ஆர்ட்டிஸ்ட்டை உள்ளே விட மாட்டார். மானிட்டர் மிக்ஸை உள்ளேயே போட்டுக்கொள்ளும் இன்டர்ஃபேஸ் இருந்தால் இந்தப் பாடே பாதி குறையும். அப்படிப்பட்ட பெட்டி வைத்திருப்பவர் புதுசுக்கு அவசரப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கேபிளுக்கு வருவோம். ஃபயர்வயரில் நாலரை மீட்டர் கிடைத்தது. விசிறிச் சத்தம் வராமல் கம்ப்யூட்டரைப் பக்கத்து அறையில் வைத்திருந்தோம். தண்டர்போல்ட் செம்புக் கேபிள் மூன்று மீட்டர்தான். அறை அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. தூரம் வேண்டுமென்றால் ஆப்டிக்கல் கேபிள் உண்டு. ஆனால் அதில் மின்சாரம் போகாது. கேபிளின் இரண்டு முனைப் பிளக்கிலும் சிப் உண்டு, சூடாகும். ரேக்குக்குப் பின்னால் மடக்கித் திணிக்காதீர்கள். எக்ஸ்எல்ஆர்போலக் கொக்கியும் கிடையாது. கால் பட்டால் கழன்றுவிடும், நல்ல டேக் போய்விடும். வெல்க்ரோ பட்டையால் ரேக் கம்பியில் கட்டி, கொஞ்சம் தொய்வு விட்டு வையுங்கள்.

2015இல் வந்த தண்டர்போல்ட் 3 யூஎஸ்பி சி வாயையே எடுத்துக்கொண்டது. அங்கே தொடங்கியது குழப்பம். அசிஸ்டென்ட் பையன் ஒருவன் போன் சார்ஜர் கேபிளை மாட்டிவிட்டு, பெட்டி செத்துப்போச்சு என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, கம்ப்யூட்டருக்கு மட்டும் பெட்டி தெரியவில்லை. பிளக்கின் மேல் மின்னல் குறி இருக்கிறதா என்று பார்த்துப் பழகுங்கள்.

பழைய ஃபயர்வயர் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள். ஏடாட் அவுட் இருந்து, கம்ப்யூட்டர் இல்லாமல் தனியாக ஓடக்கூடியதாக இருந்தால், புதுப் பெட்டிக்கு எட்டு மைக் ப்ரீ கூடக் கிடைத்த மாதிரி. 96 கிலோஹெர்ட்ஸில் நாலுதான். க்ளாக் மட்டும் ஒன்றுதான் மாஸ்டர். இரண்டும் இன்டர்னலில் நின்றால் நிசப்தமான இடத்தில் டிக் டிக் என்று காட்டிக்கொடுக்கும். அப்போது முதலில் க்ளாக்கைப் பாருங்கள்.

வேகத்தால் உண்மையிலேயே பயன் பெறுவது ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரிக்காரர்கள். ஃபயர்வயர் 800 ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு நூறு மெகாபைட்டைத் தொடாது. தண்டர்போல்ட் 3இல் நல்ல எஸ்எஸ்டி இரண்டாயிரத்தைத் தாண்டும். டெம்ப்ளேட் லோட் ஆகும்வரை டீக்கடைக்குப் போய் வரும் வழக்கம் அத்தோடு ஒழிந்தது.

மாற்றுவதென்றால் ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மாற்றுங்கள். நடு ரீரெக்கார்டிங்கில் வேண்டவே வேண்டாம். பழைய கம்ப்யூட்டரை அதே ஓஎஸ், அதே டிரைவரோடு அப்படியே வைத்திருங்கள். 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26 ஃபயர்வயரையே கைவிட்டுவிட்டது. பழைய படத்தின் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு யாராவது எப்படியும் வருவார்கள். எங்கள் பழைய மெஷினுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுப்பதில்லை. அது தானாக அப்டேட் ஆகிவிட்டால் அந்த டிஸ்க்கைத் திறக்க வேறு வழியில்லை.