பிரதோஷக் காப்பரிசி

ஆரணி புதுக்காமூரில், கமண்டல நாகநதிக் கரையில் எழுந்தருளியுள்ள புத்திரகாமேட்டீஸ்வரர் சந்நிதிக்குப் பிரதோஷம் தவறாமல் வந்துகொண்டிருந்த பெரியவர் அவர். ஐம்பது ஆண்டுகள் குழித்தறியில் பட்டுச்சேலை நெய்தவர். மிதியை மிதித்தே உரமேறிய கால்கள். நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் கண்டு, மூன்று முறை வலம் வந்து, நண்பர்களோடு அமர்ந்து காப்பரிசியை மெல்லுவது அவருடைய வழக்கம்.

வெற்றிலையும் புகையிலையும் தம் வேலையைக் காட்டின. கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டு உதிர்ந்தன. முப்பத்திரண்டில் எஞ்சியவை ஒன்பது. அதன்பின் குழைந்த சோறும் ரசமுமே ஆகாரம். சுண்டல், வேர்க்கடலை, கீரை எல்லாம் இலையைவிட்டு நீங்கின. வயிறு நிறைந்தது, உடம்பு இளைத்தது. இரண்டே ஆண்டுகளில் தறிக்குழியிலிருந்து எழ ஒருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. தார் சுற்றவும் அலுப்பு. கோயிலுக்கு வருவது நின்றது. வயதாகிவிட்டது என்று வீட்டார் தேற்றிக்கொண்டனர்.

வயது மட்டுமா? மெல்ல இயலாதவர் கைவிடுபவற்றில் தசைக்கு வலுவூட்டும் பருப்பு வகைகளும் உண்டு. தசை குறைந்தால் நடையும் படியேற்றமும் தளரும். பல் இழந்த முதியோரிடம் அன்றாடச் செயல்கள் குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பல் ஒன்றே காரணம் என்பதும் மிகை; நீரிழிவும் புகையிலையும் வறுமையும் பல்லையும் காலையும் ஒருசேரத் தாக்குபவை. எண்பது வயதிலும் இருபது பற்கள் இருக்கவேண்டும் என்று ஜப்பான் 1989ஆம் ஆண்டிலேயே ஓர் இயக்கம் தொடங்கியது. நம் வீடுகளிலோ பல் விழுந்தால் சிரிப்போடு சரி.

தக்கன் வேள்வியில் வீரபத்திரரால் பற்களை இழந்த பூஷன் நினைவுக்கு வருகிறான். அவன் பட்டினி விடப்படவில்லை. மாவாக்கிய அவியை அவனுக்கு அளிப்பதே வேள்வி முறையாயிற்று.

அந்த முறையைத்தான் பெரியவரின் மருமகளும் கைக்கொண்டாள். பொட்டுக்கடலையைப் பொடித்தாள், சுண்டலை மசித்தாள், தயிரும் பாலும் சேர்த்தாள். பல்செட்டும் கட்டியாயிற்று. முதல் வாரம் ஈறு புண்ணாகி, அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டார். பல வீடுகளில் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது; மறுபடி மருத்துவரிடம் சென்று உரசும் இடத்தைச் சரிசெய்து வரச் சோம்பல். மருமகள் விடவில்லை.

"கால் வலிதான் காரணம்னு நெனச்சீங்களா? தேவாரம் சொன்னா காத்துதாம்மா வருது. நாலு பேர் முன்னால எப்படிப் பாடறது?" என்று ஒருநாள் அவளிடம் மெல்லச் சொன்னார். அதுவரை அவர் யாரிடமும் சொல்லாதது அது.

"அதுக்குத்தான் மாமா இந்தப் பல்லு. வீட்டுல எங்கிட்ட பாடிப் பாருங்க," என்றாள்.

சென்ற பிரதோஷத்தன்று பேரனின் தோளைப் பற்றியபடி வந்தார். ஒரு முறை வலம் வந்தார். நண்பர்கள் நகர்ந்து இடம் கொடுத்தனர். மருமகள் சிறு உரலில் இடித்துக் கொணர்ந்திருந்த காப்பரிசியை நிதானமாக உண்டார். மீதி இரண்டு சுற்றுகளை வரும் பிரதோஷங்களுக்கு வைத்திருக்கிறாராம்.